வீட்டில் கல்வி தரும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்: குணத்துக்கு நட்சத்திரம் ஒட்ட வேண்டாம், பிள்ளைக்கு வேலையைக் கொடுங்கள்

அன்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி தந்துவரும் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. அந்த உரிமையில், நமக்குள் அண்மையில் பரவிவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன்.

மாதத்துக்கு ஒரு நற்குணம் என்று நம்மில் பலர் வகுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த மாதம் பொறுமை, அடுத்த மாதம் நேர்மை, அதற்கடுத்து விடாமுயற்சி. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு கட்டுமான வேலை ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலும் அது கடையில் வாங்கிய பெட்டியாக இருக்கிறது. உள்ளே முன்கூட்டியே அறுத்து, துளையிட்டு, எண் பொறித்த பலகைகள் இருக்கின்றன. பிள்ளை ஒரே பிற்பகலில் அவற்றைப் பொருத்தி முடிக்கிறது. மாலையில் பொறுமையைப் பற்றிச் சிறு உரையாடல் நடக்கிறது; சுவரில் தொங்கும் அட்டவணையில் அந்தக் குணத்துக்கு எதிரே ஒரு நட்சத்திரம் ஒட்டப்படுகிறது. சில குழுக்களில் சான்றிதழும் வழங்கப்படுகிறது.

கையால் ஒன்றைக் கட்டியெழுப்பும்போது பிள்ளையின் குணமும் உருவாகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கைதான் இந்த முறையைக் கண்டு என்னைக் கவலைப்பட வைக்கிறது. என் வேண்டுகோள் இதுதான்: குணத்தின் பெயரை வேலையின் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற ஒரு பொருளை, உண்மையான மரத்திலோ செங்கல்லிலோ செய்யும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அதன்பின் அந்த வேலையில் உங்கள் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்ல, மிக எளிய ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். பத்து வயதுப் பிள்ளையிடம் 120 சென்டிமீட்டர் நீளமுள்ள ரீப்பர் கட்டை (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றையும் ஒரு கைரம்பத்தையும் கொடுத்து, ஒரு சிறு மணைக்கு 30 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு கால்கள் வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளை 120-ஐ 4-ஆல் வகுத்து, சரியாக வருகிறது என்று மகிழ்ந்து, முதல் 30-ஐ அளந்து அறுக்கும், பிறகு அடுத்த 30, பிறகு அதற்கடுத்தது. கடைசியில் மிஞ்சும் துண்டை அளந்தால் 29 சென்டிமீட்டரும் 4 மில்லிமீட்டரும்தான் இருக்கும். ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கித் தனக்கென எடுத்துக்கொண்டுவிட்டது. கணக்குப் புத்தகம் அதைச் சொல்லவில்லை. தரையில் கிடக்கும் மரத்தூள் சொல்கிறது.

அதன்பின் நடப்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. மணை ஆடுகிறது. மூன்று கால் உள்ள மணை எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். கால்களில் ஒன்று குட்டையாக இருந்தாலும் சற்றுச் சாயுமே தவிர ஆடாது. நான்கு கால் உள்ளது அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு கால் 6 மில்லிமீட்டர் குறைந்தாலும் உட்காருகிறவர் ஒவ்வொரு முறையும் அதை உணர்வார். பிள்ளை முதலில் குட்டைக் காலின் அடியில் அட்டையை மடித்து வைக்கும். அட்டை நசுங்கும். அடுத்து, நீளமான கால்களில் ஒன்றைக் கொஞ்சம் அறுத்துப் பார்க்கும். ஆட்டம் வேறு பக்கத்துக்கு மாறும். இன்னொன்றையும் அறுக்கும். இப்படியே தொடர்ந்தால் மணை தரையை நோக்கி இறங்கிக்கொண்டே வரும். கடைசியில், மற்ற மூன்று கால்களும் குட்டைக் காலின் அளவுக்கே இறங்கி வந்தாக வேண்டும் என்பதும், அறுப்பதற்கு முன்பே நான்கையும் சேர்த்துக் கட்டி ஒரே கோட்டில் குறித்திருக்க வேண்டும் என்பதும் பிள்ளைக்குப் புலப்படும். அன்று மாலை பொறுமையைப் பற்றி யாரும் பேசத் தேவையில்லை. அவசரம் எதைக் கெடுக்கும் என்பதும், மறைக்கப்பட்ட பிழை வேறு பக்கத்தில் தலைகாட்டும் என்பதும், பிழையைத் திருத்த வேண்டுமானால் அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதும் அந்தப் பிள்ளையின் கையில் ஏற்கெனவே இறங்கிவிட்டன.

முன்பே அறுத்து வைத்த பெட்டியில் இவற்றில் எதுவும் நடப்பதற்கு இடமில்லை. பிழைகள் அனைத்தையும் வேறொருவர் தொழிற்சாலையிலேயே நீக்கிவிட்டார். மிஞ்சியிருப்பது திருகாணியை முடுக்கும் வேலை மட்டுமே. அத்தகைய பெட்டிகள் சிறு பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருபவைதாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குணத்தை வளர்க்கும் கருவி என்ற பெயரில் அவற்றை வாங்கும்போது நாம் ஏமாந்துபோகிறோம்.

இந்தச் சிந்தனை புதியதன்று. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866-ஆம் ஆண்டிலேயே மக்கள் பள்ளிகளில் கைவேலை பாடமாக்கப்பட்டது. அவரிடமிருந்து ஊக்கம் பெற்ற ஒட்டோ சாலமன், சுவீடனில் கோத்தன்பர்க் நகருக்கு அருகிலுள்ள நேஸ் என்னும் இடத்தில் 1870-களில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே வந்து மரவேலையைக் கற்றுச் சென்றனர். அவர்களைத் தச்சர்களாக்குவது சாலமனின் நோக்கமில்லை. உடலுழைப்பின்மீது விருப்பம், நேர்மையான வேலையின்மீது மதிப்பு, தன்னைத் தானே நம்பி நிற்கும் இயல்பு, ஒழுங்கு, துல்லியம், தூய்மை ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதே நோக்கம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நாம் அட்டவணையில் எழுதிவைக்கும் பெயர்களும் பெரும்பாலும் இவைதாம்.

அந்த நோக்கத்தை எட்ட அவர் வகுத்த நெறிகளைக் கூர்ந்து பாருங்கள். முதல் கருவி சாதாரணக் கத்தி. வீட்டில் ஏற்கெனவே இருப்பது. செய்யும் பொருள் வீட்டில் பயன்படுவதாக இருக்க வேண்டும். அலங்காரப் பொருளாக இருக்கக்கூடாது. எளியதிலிருந்து கடியதற்குப் படிப்படியாக ஏறும்படி பொருள்களின் வரிசை அமைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய கடினம் மட்டும் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் சொல்லலாம், தனியே ஒரு மரத்தில் செய்து காட்டலாம். பிள்ளையின் வேலையில் மட்டும் கை வைக்கக்கூடாது. இந்தக் கடைசி நெறியை நம்மில் எத்தனை பேரால் கடைப்பிடிக்க முடிகிறது? பிள்ளை மரத்தைச் சீவும் இழைப்புளியை மரத்தின் நார் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளுகிறது, மரம் பிய்ந்து வருகிறது, பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனார் “இங்கே கொடு” என்று வாங்கிவிடுகிறார். அவருக்கு அன்பு குறைவில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில் பிள்ளை இரண்டைக் கற்கிறது: இந்த வேலை உண்மையில் என்னுடையது இல்லை, கடினம் வந்தால் கையை எடுத்துவிடலாம். ஆறு மாதம் சுவரில் ஒட்டிய நட்சத்திரங்களால் அதை அழிக்க முடியாது.

நம் நாட்டிலும் இதே சிந்தனை வேறு ஆழத்துடன் எழுந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதனோடு இணைக்கும் ஆதாரக் கல்வி முன்வைக்கப்பட்டது. பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவுக்குக் கல்வியாளர் ஜாகிர் உசேன் தலைமை தாங்கினார். வார்தாவுக்கு அருகிலுள்ள சேவாகிராமத்தில் அந்தக் கல்வியை நடைமுறையில் நடத்திக்காட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான ஆரியநாயகம். அவரும் அவருடைய துணைவியார் ஆஷாதேவியும் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தனர். நூல் நூற்கும் பிள்ளை நூலின் நீளத்தை அளக்கும், எடையைக் கணக்கிடும், பருத்தி விளையும் மண்ணைப் பற்றிப் படிக்கும், நெய்த துணியைத் தானே உடுத்தும். அங்கே குணத்துக்கென்று தனிப் பாடவேளை தேவைப்படவில்லை. வேலையே அந்த இடத்தை நிரப்பியது.

ஆனால் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது, 1953-ஐத் தாண்டிக் குதித்துவிட முடியாது, தாண்டவும் கூடாது. அவ்வாண்டு அப்போதைய சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதை எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரியே. தச்சரின் மகன் உளியையும், சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியையும், வழக்கறிஞரின் மகன் புத்தகத்தையும் கையில் எடுப்பான் என்றால், பிறப்பால் வகுத்த இடத்திலேயே ஒவ்வொருவரையும் நிறுத்திவைக்கும் ஏற்பாடாகவே அது முடிந்திருக்கும். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றை நாம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டிலேயே கல்வி தரும் குடும்பங்களில் பெரும்பாலோர் படித்தவர்கள். நிலையான வருமானம் உள்ளவர்கள். பல தலைமுறைகளாகக் கையில் சேறு படாத குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. நம் பிள்ளைகளுக்கு உளியும், கொத்தனார் கலவை பூசும் கரணையும் ஒரு தெரிவு. அதே வயதில் வேறொரு பிள்ளைக்கு அவை தப்பமுடியாத நிலையாக இருந்தன; சில இடங்களில் இன்றும் இருக்கின்றன. ஆகவே நம் பிள்ளைகள் கைவேலை கற்பது நியாயமாக இருக்க வேண்டுமானால், அதில் இரண்டு நிபந்தனைகளாவது இருக்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையும் தன் குடும்பத்துக்கு அயலான தொழிலையே முதலில் கற்கட்டும். கற்பிக்க வரும் தொழிலாளர் ஆசிரியருக்குரிய மதிப்போடு நடத்தப்படட்டும்.

இரண்டாவதைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குணத்தைக் கற்பிக்கும் நம் முயற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. பிள்ளைக்குச் சுவர் கட்டக் கற்றுக்கொடுக்கக் கொத்தனார் ஒருவரை வரவழைக்கிறோம். அவருக்கு என்ன கொடுக்கிறோம்? நாட்கூலியா, ஆசிரியர் ஊதியமா? ஓவியம் கற்பிக்க வருபவருக்கும் பாட்டு கற்பிக்க வருபவருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் தரும் நாம், முப்பது ஆண்டு அனுபவமுள்ள கொத்தனாரிடம் பேரம் பேசினால் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரை வீட்டார் ஒருமையில் அழைத்தால் அதையும் கேட்டுக்கொண்டிருக்கும். அவருக்குத் தேநீர் எந்தக் குவளையில், வீட்டின் எந்தப் பக்கத்தில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. தொழிலை மதிக்கும் குணத்தை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தொழிலாளரை மதிக்காத வீட்டில், பிள்ளை மதிப்பின்மையையே கற்றுக்கொள்ளும். அவரை அண்ணன் என்றோ ஐயா என்றோ அழைக்கவும், அவர் அமரும்வரை தான் அமராமல் இருக்கவும், வேலை முடிந்ததும் கரணையைக் கழுவி அவர் கையில் கொடுக்கவும் பிள்ளை பழகட்டும். குணம் என்று நான் கருதுவது இதைத்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் கட்டுமானத் தளங்களில் கல்லும் மணலும் சுமக்கும் சித்தாள்களில் பெரும்பகுதியினர் பெண்கள். கரணை பிடிக்கும் கொத்தனார்களிடையே பெண்களைக் காண்பது அரிது. வாழ்நாள் முழுவதும் சுவருக்கு அருகில் நின்றும் சுவர் கட்டும் வேலை அவர்களுக்குத் தரப்படுவதில்லை. நம் வீடுகளிலும் அதன் நிழல் விழுகிறது: அண்ணன் அறுக்கிறான், தங்கை வண்ணம் பூசுகிறாள். ரம்பத்தை முதலில் தங்கையிடம் கொடுங்கள்.

இனி, என்ன கட்டுவது என்ற கேள்வி. எங்கள் பகுதியில் நான்கைந்து குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து கோழிக் கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். தெருவில் தனியாக வாழும் ஒரு பாட்டியாரின் கோழிகளைக் கீரி பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது உண்மையான இழப்பு. ஆகவே வேலைக்குத் தலைப்பு தேடத் தேவைப்படவில்லை. கீழே இரண்டடி உயரத்துக்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர், மேலே மரச்சட்டத்தில் கம்பிவலை, அதற்கு ஒரு கதவு, இவ்வளவே திட்டம். அதில் எவ்வளவு கற்றல் அடங்கியிருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அடித்தளம் குறிக்கும்போது மூலை சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை செங்கோணம் என்பதைக் கொத்தனார் கயிறு பிடித்துக் காட்டினார். ஏட்டில் பிதாகரஸ் தேற்றத்தைப் படித்திருந்த மூத்த பையன் வாயடைத்து நின்றான். செங்கற்களை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை கலவையின் ஈரத்தை உறிஞ்சிப் பிடிப்பைக் கெடுத்துவிடும். கலவையில் தண்ணீர் சேர்த்தபின் அரைமணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும். ஆகவே எவ்வளவு கலக்கலாம் என்பதை, தங்கள் கைவேகத்தை உள்ளபடியே கணித்துத்தான் சொல்ல முடியும். முதல் நாள் பிள்ளைகள் தங்கள் வேகத்தை மிகையாக எண்ணி நிறையக் கலந்தார்கள். பாதி இறுகிப் பாழாயிற்று. சிமெண்டு வாங்கிய பணம் அவர்கள் சேர்த்து வைத்திருந்தது. மறுநாள் ஒரு சட்டி மட்டுமே கலந்தார்கள்.

கீழ்வரிசையில் இரண்டு கற்கள் சேரும் இடத்துக்கு நேர்மேலே மேல்வரிசையின் சேர்க்கை வரக்கூடாது. வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இதைக் கேட்டுக்கொண்டும் ஓர் இடத்தில் தவறவிட்டார்கள். ஒரு பக்கச் சுவர் நான்காவது வரிசையிலேயே சாயத் தொடங்கியிருந்தது. சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோதுதான் தெரிந்தது. கட்டியவனுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. நூலில் தொங்கும் குண்டோடு வாதம் செய்ய முடியாது. இடிக்கலாமா, அப்படியே விடலாமா என்று அவர்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. “கோழிக்குத் தெரியவா போகிறது” என்றான் ஒருவன். “பாட்டிக்குத் தெரியும்” என்றாள் இன்னொருத்தி. பெரியவர்கள் யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம், வாய் திறக்காமல் இருப்பது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. கலவை இறுகுவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களைத் தானே அவசரப்படுத்தியது. கடைசியில் நான்கு வரிசையையும் எடுத்து, கற்களைக் கழுவி, மறுபடி கட்டினார்கள்.

அந்தச் சண்டையில் நேர்மையும் பொறுப்பும் விட்டுக்கொடுத்தலும் இருந்தன. சோம்பலும் கோபமும் தன் பிழையை ஒப்புக்கொள்ளத் தயங்கும் மனமும் இருந்தன. எல்லாம் ஒரே வேளையில், ஒரே பிள்ளைக்குள் இருந்தன. இதை “நேர்மை மாதம்” என்ற தலைப்பின்கீழ் யாராலும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது. தலைப்பு இருந்திருந்தால் பிள்ளைகள் எந்த விடையை எதிர்பார்க்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டு அந்த விடையைத் தந்திருப்பார்கள்; அவ்வளவுதான். எங்கே எதைச் சொன்னால் நட்சத்திரம் கிடைக்கும் என்பதை அறிவதில் பிள்ளைகள் கூர்மையானவர்கள். மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் பழக்கத்திலிருந்து பிள்ளைகளை விடுவிக்கத்தான் நம்மில் பலர் பள்ளியைவிட்டு வெளியே வந்தோம். பாடத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய மதிப்பெண்ணைக் குணத்துக்குப் போடத் தொடங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இங்கே உங்கள் மனத்தில் எழக்கூடிய ஓர் ஐயத்தை நானே எழுப்புகிறேன். மணை செய்யும்போது பொறுமையாக இருக்கும் பிள்ளை, தம்பியிடமும் பொறுமையாக இருக்குமா? கட்டாயம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. 1920-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் ஹார்ட்ஸ்ஹோர்ன், மே என்னும் இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம், ஏமாற்ற வாய்ப்புள்ள பல சூழல்களை உருவாக்கிப் பார்த்தார்கள். வகுப்புத் தேர்வில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டிலும் அப்படியே இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நற்குணத்தைப் பற்றி வாயால் கற்பிப்பது நடத்தையைப் பெரிதாக மாற்றியதாகவும் தெரியவில்லை. அவர்கள் முடிவுகளைப் பின்னர் வந்தவர்கள் பலவாறு விவாதித்திருக்கிறார்கள். ஆயினும் அது நமக்குத் தரும் எச்சரிக்கை பெரியது. ஒரு பெட்டியைப் பொருத்தி முடித்ததும் விடாமுயற்சி என்னும் குணம் பிள்ளைக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது என்று நாம் எண்ணக்கூடாது. பல ஆண்டுகளுக்கு, பல வகையான பொருள்களோடும் பல வகையான மனிதர்களோடும் பிள்ளை வேலை செய்ய வேண்டும். மரத்தின் பொறுமை ஒன்று. சிமெண்டின் அவசரம் வேறொன்று. தன்னைவிடச் சிறிய பிள்ளைக்கு ஆணி அடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது தேவைப்படும் நிதானம் முற்றிலும் வேறொன்று. இந்தக் கடைசியை நம் குழுக்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. மூத்த பிள்ளைக்கு இளைய பிள்ளையை ஒப்படையுங்கள். பெரியவர்களிடம் “கையை எடுங்கள்” என்று கேட்கும் பிள்ளையே, இளையவன் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கப் போவதைக் காண்பீர்கள். பேச வேண்டிய நேரம் அதுதான். இரண்டு சொற்கள் போதும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு மின்சார ரம்பமும் மின்சார இழைப்பியும் வேண்டாம். கைக்கருவிகளே போதும், அவை மெதுவானவை என்பதே அவற்றின் நன்மை. மழுங்கிய உளி கூரிய உளியைவிட ஆபத்தானது. அது அதிக அழுத்தத்தைக் கேட்டு வழுக்கும். ஆகவே தீட்டக் கற்றபின் வெட்டக் கற்கட்டும். உளி போகும் திசையில் மறுகை இருக்கக்கூடாது. ஆணி அடிக்கும்போதும் செங்கல் உடைக்கும்போதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடவிட வேண்டாம். சிறு காயங்கள் வரும். அவற்றுக்கு மருந்து வைத்திருங்கள், வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

செலவும் பெரிதில்லை. பழைய மரக் கடைகளில் உடைத்த வீடுகளின் கதவுச் சட்டங்களும் ரீப்பர்களும் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து பழைய ஆணிகளைப் பிடுங்கி நேராக்குவதே சிறுவர்களுக்கு நல்ல தொடக்க வேலை.

தேர்வைப் பற்றிய அச்சமும் உங்களிடம் உண்டு என்பதை அறிவேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பிள்ளைகள் 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம் என்பதால், பன்னிரண்டு வயதிலிருந்தே நம் வீடுகள் பயிற்சி மையங்களாக மாறத் தொடங்குகின்றன. உளியும் ரம்பமும் பரணுக்குப் போகின்றன. குணம் உருவாவதற்கு மிகவும் உகந்த வயது என்று நான் கருதுவதும் அதுவே: கைக்கு வலு வந்திருக்கும், பிள்ளை நியாயம் அநியாயத்தைப் பற்றிக் கடுமையாக யோசிக்கும், பெரியவர்கள் சொல்வதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்க்கும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் பத்து நாட்கள் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் கற்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளைப் பற்றி நம்மிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். அதை இங்கே நான் கிளறவில்லை. பள்ளிகள் பெருமுயற்சி எடுத்துப் பத்து நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்போது, ஆண்டு முழுவதும் நேரத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் ஒரு பிற்பகலில் முடியும் பெட்டியோடு நின்றுவிடலாமா? வாரத்தில் இரண்டு அரைநாட்களைத் தேர்வு முடியும்வரைகூட விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொள்ளுங்கள்.

பதிவு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். அதில் குணங்களின் பெயர்கள் வேண்டாம். வேலைக்கு முன் பிள்ளை வரைந்த வரைபடம், குறித்த அளவுகள், பொருள்களின் விலைக் கணக்கு, எது எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்யப்பட்டது, அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவர் ஆறு மாதம் கழித்து என்ன சொன்னார் ஆகியவற்றைப் பிள்ளையே எழுதட்டும். கோழிக் கூண்டின் கதவுக் கீல் மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகியதைப் பாட்டியார் வந்து சொன்னபோது, அதைக் கழற்றி எண்ணெயிட்டு மாற்றியது எங்கள் குழுவின் குறிப்பேட்டில் ஒரு பக்கமாக இருக்கிறது. கட்டியதோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை என்பதை அந்தப் பக்கத்தைவிடத் தெளிவாக எந்தச் சான்றிதழும் சொல்லாது.

நம் அடுத்த கூடுகையில் நற்குணச் சான்றிதழ் வழங்கும் நிகழ்ச்சி இருப்பதாக அறிகிறேன். அதைக் கைவிட வேண்டும் என்று குழுவை நடத்துவோரிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஒவ்வொரு குடும்பமும் தன் தெருவில் யாருக்கு என்ன தேவை என்பதைப் பிள்ளைகளின் வாயாலேயே சொல்லச் செய்யலாம்: நியாயவிலைக் கடை வாசலில் முதியோர் உட்கார ஒரு விசிப்பலகை, அங்கன்வாடிக்கு ஓர் அலமாரி, நடக்க முடியாதவர் வீட்டுப் படிக்கு ஒரு சாய்தளம். அவற்றில் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். மற்றொன்று, எல்லாக் குடும்பங்களும் தனித்தனியே கருவி வாங்கத் தேவையில்லாதபடி பொதுவான கருவிப் பெட்டி ஒன்றை ஏற்படுத்துவது. இரண்டு கைரம்பம், ஓர் இழைப்புளி, மூன்று அளவில் உளிகள், ஒரு கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, இரண்டு கரணை, தீட்டுக்கல் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். எங்களிடம் உள்ள ஒரு ரம்பத்தையும் ரசமட்டத்தையும் நாங்கள் கொண்டுவருகிறோம். பெட்டியைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெற்றோர் யாரும் ஏற்க வேண்டாம். அதையும் பிள்ளைகளில் இருவரிடமே முறைவைத்து ஒப்படைப்போம்.

அன்புடன்,
வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் ஒரு தாய்